ஏழு மாத மாப்பிள்ளை

ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். அவன் அதற்கு முன்பே விழித்துப் படுத்திருப்பான். அடிக்க விட்டு அணைப்பான். எழுந்து பாலை அடுப்பில் வைப்பான். பால் பொங்குவதற்குள் பல் துலக்கி முடிக்க வேண்டும், முடித்துவிடுவான். ஒரு டம்ளர் காபி. நாயின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்புவான். பழைய செய்தித்தாளில் இரண்டு தாள் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைப்பான், வழியில் நாய் அசிங்கம் செய்தால் அள்ளிப் போட. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் வாரை எடுத்ததும் நாய் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். மூன்று மாடி, ஐம்பத்துநான்கு படி. லிஃப்ட் இருக்கிறது. நாய் அதில் ஏறாது.

ஒன்பது மாதமாக இப்படித்தான் விடிகிறது. அதற்கு முன்பு பால் வைப்பது ஒருவர், நாயைக் கூட்டிப்போவது ஒருவர் என்று இருந்தது.

நாயின் பெயர் மிளகு. குட்டியாக வந்தபோது அவன் மனைவியின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. கறுப்பாக, உருண்டையாக. அவள்தான் பெயர் வைத்தாள். இப்போது முப்பத்தெட்டு கிலோ. சதுரத் தலை, அகன்ற மார்பு, வட்டிப் பணம் வசூலிக்க வந்தவனைப் போல ஒரு நடை. போதாததற்கு, காலைத் தூக்கித்தான் சிறுநீர் கழிக்கும். கீழ்வீட்டில் முன்பு ஒரு கிழட்டு ஆண் நாய் இருந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வளர்ந்ததில் படித்த பாடம். ஆசான் செத்து நாலு வருஷம் ஆகியும் சிஷ்யை விடவில்லை.

ஆமாம், சிஷ்யைதான். மிளகு பெண் நாய். அதைத் தெருவில் ஒருவரும் நம்புவதில்லை.

அவன் மனைவி விடமாட்டாள். தபால்காரர், லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர், பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும் பிள்ளைகள், யார் “பையன்” என்றாலும் அந்த இடத்திலேயே திருத்துவாள். கோபமாக இல்லை. உங்கள் சட்டையில் கறை இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. ஒருநாள் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “பையன் ஜம்முனு இருக்கான்மா” என்றார். அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. அவள் நாயையும் இழுத்துக்கொண்டு அடுத்த சிக்னல் வரை ஓடி, ஜன்னலைத் தட்டி, பெண் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள். சிவப்பு விளக்கு பச்சையாக மாறுவதற்குள் பேருந்தில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் நடைபாதையில் ஒரு மரத்தை ஆராய்வது போல நின்றிருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டான். யாரோ ஒரு ஆள், நாளைக்கு நம்மைப் பார்க்கப்போவதில்லை, அவர் என்ன நினைத்தால் என்ன என்று. நாய்க்கே கவலையில்லையே என்றும் சொன்னான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

“அவர் நல்லா இருக்குன்னு சொன்னாருல்ல. அது வேற ஏதோ ஒரு நாயைச் சொன்னது. இவளுக்கு வந்து சேரவே இல்லப்பா.”

அவனுக்கு அது சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் பட்டது. சிரித்தான்.

அவன் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். ஊரின் பல மூலைகளிலிருந்து பாட்டில்களில் தண்ணீர் வரும். ஒவ்வொன்றிலும் எடுத்த இடம், நேரம் எழுதிய சீட்டு. குடுவையில் ஊற்றி, மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி, அளவைக் குறிக்க வேண்டும். பேச வேண்டிய வேலை இல்லை. மனைவி போன பிறகு முதல் வாரம் எல்லாரும் தோளைத் தட்டினார்கள். இரண்டாம் வாரம் தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அப்புறம் அவன் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள். அவன் முகத்தைப் பார்த்தால் சிரிக்கக் கூடாது என்று அவர்களாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமியார் போன் செய்வார். சாப்பாடு, தூக்கம், நாய் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார். “கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை?” முதல்முறை கேட்டபோது, அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று சொல்லிவிட்டான். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாமியார் அழுது, மூக்கைச் சிந்தி, “என் தங்கம்” என்றார். அதற்குப் பிறகு வாரா வாரம் அந்தப் பொய்யை அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு சொல் மாறினால் மாமியார் கண்டுபிடித்துவிடுவார்.

தையல்காரரைச் சந்தித்தது அவள் போய் இரண்டு மாதம் கழித்து. குடியிருப்புக்குப் பின்னால் சின்னப் பூங்கா. வேலியை ஒட்டி ஒரு சிமென்ட் பெஞ்ச். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும் மனிதர், கழுத்தில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தார். கடை திறக்க இன்னும் நேரமிருக்கிறது, நாடாவை மட்டும் முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பின்னால் ஒருநாள் சொன்னார். அன்று மிளகு நேராகப் போய் அவர் முழங்காலில் தலையை வைத்தது.

“பையன் பேரு என்ன சார்?”

இதற்குப் பதில் சொல்வது அவன் வேலையே இல்லை. ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட அவன் வாயைத் திறக்க நேர்ந்ததில்லை. அதற்குள் அவள் முந்திக்கொள்வாள். இப்போது அவள் பேச வேண்டிய அந்த இடம் அப்படியே காலியாக எதிரில் வந்து நின்றது. அதில் தன் குரலை வைத்தால் அது நிரம்பிவிடும். நிரப்ப அவனுக்கு மனமில்லை.

“மிளகு” என்று மட்டும் சொன்னான்.

தையல்காரர் அவன் விரலில் மோதிரத்தைப் பார்த்தார். வீட்டில் அவங்களும் வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டார். அவன் “ம்” என்றான். அது எப்படி வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. பழக்கம்தான்.

அவ்வளவுதான் ஆரம்பம். இரண்டு தப்பு, ஒரே நிமிஷத்தில், ஒரே பெஞ்சில். இரண்டையும் அவன் திருத்தவில்லை.

தையல்காரர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. சாம்பல் நிறம், பெண், பாப்பா என்று பெயர். வாசலைத் தாண்டாது, ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதனால் பூங்காவுக்கு அவர் மட்டும் வருவார், பாப்பாவின் செய்திகளோடு. மூன்றாம் வாரத்தில் மிளகு மாப்பிள்ளை ஆனது. அவன் சம்பந்தி ஆனான். “என்ன சம்பந்தி, பொண்ணு வீட்டுக்காரன் வந்திருக்கேன், மாப்பிள்ளை எந்திரிக்கிறாரா பாருங்க” என்பார். மிளகு கொட்டாவி விட்டால், “இப்பவே இந்த மிடுக்குன்னா என் பொண்ணு என்ன பாடுபடப் போறாளோ” என்பார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராத சிரிப்பு, இருந்தாலும் சிரிப்புதான். நாளில் அது ஒன்றுதான் வந்தது.

கிளம்பும்போது தினமும், “வீட்ல கேட்டதாச் சொல்லுங்க” என்பார். அவனும், “சொல்றேன் மாஸ்டர்” என்பான். நல்லா இருக்காங்களா என்று கேட்பார். நல்லா இருக்கா என்பான். ஐம்பத்துநான்கு படி ஏறி, கதவைத் திறந்து, சொல்ல ஆளில்லாத வீட்டுக்குள் போவான். ஆனால் ஊரில் ஒரு மனிதரின் மனதில் அவன் மனைவி உயிரோடு இருந்தாள். வேலைக்குப் போனாள், வந்தாள், சளி பிடித்தால் கஷாயம் குடிக்கச் சொல்லி அவரிடமிருந்து செய்தி பெற்றாள். அந்த ஒரு இடத்தை அழிக்க அவனால் முடியவில்லை. மிளகைப் பற்றிய தப்பைத் திருத்தினால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பார். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் மற்றதும் பிரிந்து வந்துவிடும்.

அதற்காக வெட்கமில்லாமலும் இல்லை. ஒவ்வொரு முறை மாப்பிள்ளை என்று கூப்பிடும்போதும் மிளகு வாலை ஆட்டும். அவன் வேறு பக்கம் பார்ப்பான்.

ஏழு மாதம் ஓடிற்று. மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், ஒரு திங்கட்கிழமை, தையல்காரர் வழக்கத்தைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பாப்பாவுக்கு நாள் வந்திருக்கிறது, மருத்துவர் பார்த்துச் சரியென்று சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். மகள் கல்யாணமாகித் தூரதேசம் போனதிலிருந்து வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, நாலு குட்டி ஓடினால் நன்றாக இருக்கும் என்று அவர் மனைவி ஆசைப்படுகிறாராம். அவனுக்கும் ஒரு குட்டி எடுத்து வைப்பார்களாம்.

“வீட்டம்மாவையும் கூட்டிட்டு வரணும். சமையல் எங்க வீட்ல. சாக்கு எதுவும் சொல்லக் கூடாது, ஆமா.”

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்குப் போகவில்லை. மறுபக்கம், லாரிகள் நிற்கும் தெருவில் மிளகைக் கூட்டிப்போனான். அது ஒவ்வொரு திருப்பத்திலும் பூங்கா இருக்கும் திசையில் இழுத்தது. புதன், வியாழன், வெள்ளி அப்படியே. நான்கு நாளும் அவனிடம் யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் நிறம் மாறிய பிறகும் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பாட்டிலை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை காலை அவன் கீழே இறங்கியபோது தையல்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். தூறிக்கொண்டிருந்தது. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று பார்க்க வந்தாராம். கையில் ஒரு பொட்டலம். பிரித்தார். நீல நிறத்தில், நீர் புகாத துணியில், மிளகுக்கு ஒரு மழைக்கோட்டு. கழுத்திலும் வயிற்றடியிலும் பொத்தான், முதுகில் வாருக்கு ஒரு துளை, ஓரம் முழுக்க இரட்டைத் தையல்.

நாடாவே வைக்கவில்லை, எல்லாம் கண்ணளவு என்றார். பெருமையாகத்தான். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்கிற மனிதர். மண்டியிட்டு மிளகின் தலைவழியாகக் கோட்டை மாட்டினார்.

“வயித்துப் பக்கம் குட்டையா வெட்டியிருக்கேன் பாருங்க. ஆம்பளப் பசங்களுக்கு அங்க துணி தொங்குனா கால் தூக்கும்போது நனைஞ்சிடும். கடையில விக்கறவனுக்கு இதெல்லாம் தெரியாது.”

சொல்லிக்கொண்டே பொத்தானைத் தேடிக் கையை வயிற்றுக்கு அடியில் விட்டார்.

“மாஸ்டர். பொண்ணு.”

“யாரு?”

“மிளகு.”

தையல்காரர் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் பின்வாங்கப் பார்க்கிறார்கள் என்று நாயிடமே புகார் சொன்னார். அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். குனிந்து பார்த்தார். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. எழுந்தபோது முழங்கால் இரண்டும் ஈரம்.

“ஏழு மாசம்” என்றார். பிறகு, “நான் ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன்.” பிறகு கோட்டைக் கழற்றத் தொடங்கினார். மிளகு புதுத்துணியின் சுகத்தில் அசையாமல் நின்றது. கழற்றி, உதறி, நான்காக மடித்தார். துணியை எந்தக் கோபத்திலும் கசக்காத கை.

“தினமும் வீட்டுக்குப் போயி ரெண்டு பேருமா சிரிச்சிருப்பீங்க. நல்லா சிரிக்கட்டும். கேட்டதாச் சொல்லுங்க.”

போய்விட்டார். அவன் வாசலில் நின்றான். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாமியார் போன் செய்தார். கேட்டார். அவன் சொன்னான், அதே வார்த்தைகளில். அவர் அழுதார்.

திங்கள் பூங்காவுக்குப் போனான். பெஞ்ச் காலி. செவ்வாயும் காலி. மிளகு அவர் உட்காரும் மூலையை முகர்ந்துவிட்டு, காலைத் தூக்கி ஈரம் செய்துவிட்டு வந்தது. புதன்கிழமை ஒரு பெண் ஓடிக்கொண்டே, “பெரிய பையன்” என்று சொல்லிக் கடந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் ரொம்ப தூரம் போயிருந்தாள். முதல்முறையாக அவனுக்கு, அவள் பின்னால் ஓடலாமா என்று இருந்தது. அதிலிருந்து உள்ளே எதுவோ உட்கார மறுத்தது.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் வாரை எடுத்தான். கடை எங்கே என்று தெரியும், உள்ளே போனதில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு நீளமான அறை. ஒரு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரி மேஜை, சுவரில் நூல்கண்டுகள் நிறவாரியாக. தரையெல்லாம் வெட்டு விழுந்த துணித்துண்டுகள். தையல்காரர் யாருடைய கால்சட்டைக்கோ அடி மடித்துக்கொண்டிருந்தார். பாவாடைக்கு ஜிப் மாற்ற வந்த ஒரு பெண், மிளகு உள்ளே நுழைந்ததும் மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“சார், பையன் கடிப்பானா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் இயந்திரத்திடமிருந்து குரல் வந்தது. தலையைத் தூக்கவில்லை.

“பையன் இல்லம்மா அது. பொண்ணு. ஒண்ணும் பண்ண மாட்டா.”

அந்தப் பெண் ஓ என்று சொல்லி, நாளை வருவதாகச் சொல்லி, சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியேறினாள். அவன் அந்த இடத்திலேயே நின்றான். ஒன்பது மாதமாகக் காலியாக வைத்திருந்த இடத்தில் வேறு ஒருவர் குரல் வந்து உட்கார்ந்துவிட்டது. பயந்தது போல ஒன்றும் இடிந்து விழவில்லை. வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்தான்.

“வீட்ல யாரும் இல்ல மாஸ்டர்.”

ஊருக்குப் போயிருக்காங்களா என்று அவர் கேட்டார், இன்னும் விறைப்பாகவே.

“இல்ல. இறந்துட்டா. நான் உங்களப் பாக்கறதுக்கு முன்னாடியே.”

இயந்திரம் நின்றது. தையல்காரர் காலை மிதியிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் மாதங்கள் பின்னோக்கி ஓடுவது தெரிந்தது. கேட்டதாகச் சொல்லச் சொன்ன ஒவ்வொரு காலையும். கஷாயம்கூட. நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே என்றார், குற்றம் சாட்டுவது போல இல்லாமல், தனக்குத்தானே சரிபார்ப்பது போல.

“உங்ககிட்ட நல்லாத்தான் இருந்தா.”

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, மறுபடி விரித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். அது சரி, அதைச் சொல்ல வாய் வராதுதான், புரிகிறது. நாய் பெண் என்று சொல்வதில் என்ன இருந்தது?

அவன் சொன்னான். யாரிடமும் சொல்லாததை, மாமியாரிடம் வாரா வாரம் மறைத்ததை, ஜிப்பும் நூலும் கிடந்த அந்த அறையில் சொன்னான்.

ஒரு காலை. அவள் பால் வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குள் ஏதோ வெடித்தது போல இருக்கிறது என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நிஜமாகவே வெடித்திருந்தது, ஒரு ரத்தக்குழாய். அது மத்தியானம்தான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. இரண்டு பேர் படிவழியாகத் தூக்கி இறக்கினார்கள். மிளகு விடவில்லை, ஸ்ட்ரெச்சரோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. முன்னால் பிடித்திருந்தவர் அதில் தடுக்கி, நிலைகுலைந்து, சுவரில் சாய்ந்து நின்றார். சார், பையனப் பிடிங்க சார், காலுக்குள்ள வர்றான் என்று கத்தினார். அவன் ஆறேழு படி மேலே, பூட்டில் சாவி நுழையாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே அவனுக்கு அவள் சொன்ன பதில் கேட்டது. அதற்குப் பிறகு வண்டியில் அவள் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள், பேசாமலே.

அந்தப் பதிலை அவள் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் பெயரைச் சொல்லவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. சொன்னது முன்பின் தெரியாத அந்த ஆளிடம். அதைத்தான் அவனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. கேட்கிறவர்கள் அது ஒரு கடைசி வார்த்தையா என்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான், வெகு நாள்.

என்ன சொன்னாங்க என்று தையல்காரர் கேட்கவில்லை. காத்திருந்தார். மிளகு துணித்துண்டுகளின் மேல் சுருண்டு படுத்திருந்தது.

ஸ்ட்ரெச்சரில் அவள் கண் மூடியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது, சட்டையில் கறை இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

“பையன் இல்லண்ணா. பொண்ணு. பயந்திருக்கா.”